யாரும் ஏற்காத வேடம்

கின்சேல், மொன்செராட்
11 ஜனவரி 1985

அன்புள்ள யூனிஸ் அக்கா,

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் பெட்டி நேற்றுதான் வந்து சேர்ந்தது. கேக் கல்லாகிவிட்டது. அம்மா அதைத் தேநீரில் முக்கி முக்கித் தின்கிறாள், ஒரு துண்டு எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மூக்குக்கண்ணாடி அவளுக்குப் பொருந்திவிட்டது. இனி என் சட்டையில் அழுக்கு எங்கே என்று தேடுவாள்.

பெரிய செய்தி ஒன்று. இந்த ஆண்டு முதல் மார்ச் பதினேழு நம் தீவுக்கு அரசு விடுமுறை. பாதிரியார் பூசை வைத்து முடிக்கிற புனித பாட்ரிக் திருநாளுக்காக அல்ல. 1768இல் அதே நாளில் ஐரிஷ் முதலாளிகள் தங்கள் புனிதரின் பெயரால் குடித்துக் கிடப்பார்கள் என்று பார்த்து அடிமைகளாய் இருந்த நம் ஆட்கள் கிளர்ந்தெழத் திட்டமிட்டார்களே, விஷயம் வெளியே கசிந்து ஒன்பது பேரைத் தூக்கில் போட்டார்களே, அவர்களுக்காக. ஊரில் பாதிப் பேர் குதிக்கிறார்கள். மீதிப் பேர், "அடிமைக் கதைய இப்ப எதுக்குக் கிளறணும்? பச்சைத் துணி கட்டினோமா, கறி தின்னோமான்னு இருக்கலாம்ல?" என்கிறார்கள்.

விழாக் குழுத் தலைவர் ஹோரஸ் மீட். உனக்கு நினைவிருக்கும், மேளக்காரர், இப்போது நான்கு பிள்ளைகளுக்கு அப்பா. அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "வாத்தியாரே, நாடகம் நீதான் எழுதணும்" என்றார். எழுதிவிட்டேன். பெரிய வீட்டில் விருந்து. உள்ளே பரிமாறும் நம் ஆட்கள் துரைமாரின் வாள்களைப் பிடுங்க வேண்டும், வெளியே இருப்பவர்கள் கல்லும் மண்வெட்டியுமாகப் பாய வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இரண்டு பேர் பேசியதை ஒட்டுக்கேட்டுக் காட்டிக்கொடுத்தாளே ஒரு தையல்காரி, அந்த வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. எந்தப் பெண்ணைக் கேட்டாலும் மறுநாள் அவள் அம்மா வாசலில் நிற்கிறாள். "எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தா துரோகி மாதிரியா தெரியுது உனக்கு?"

என் நாடகத்தில் தையல்காரிக்கு இதுவரை பெயர் இல்லை. ஆனால் உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் அவள் பெயர் தெரியும். அதை வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறாய்?

உன் தம்பி,
டன்ஸ்டன்


ஹாக்னி, லண்டன்
24 ஜனவரி 1985

டன்ஸ்டன்,

வைக்காதே.

இதற்கு மேல் எழுதத் தேவையில்லை, ஆனால் உனக்கு ஒரு சொல் போதாது என்று எனக்குத் தெரியும். கடைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதைக் கத்த முடியாது. வரிசையில் நிற்கிற மொத்த ஊரும் கேட்கும்.

அம்மா காய்ச்சலில் கிடந்தபோது உனக்கு ஏழு வயது. பிழைக்க மாட்டோம் என்று நினைத்து நம் இருவர் கையையும் வேதப்புத்தகத்தின்மேல் வைக்கச் சொன்னாள். "நாம பெனெபாவோட வம்சம். காட்டிக்குடுத்தது அவதான். தெரிஞ்சிக்கணும்னு சொல்றேன். ஆனா இது இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது." நீ அப்போது பயந்து படுக்கையை நனைத்தாய். இப்போது அதே பெயரை மேடையில் தாரை வைத்து ஊதப் போகிறாயா? பெனெபா யார் வீட்டுப் பெண் என்று ஊர் கேட்காதா? நீ எங்கிருந்து இந்தப் பெயரைப் பிடித்தாய் என்று கேட்க மாட்டார்களா?

அம்மா அந்த ஊரில் தனியாக இருக்கிறாள். அவள் சுட்ட ரொட்டியை ஊர் வாங்க வேண்டும். தேவாலயத்தில் அவள் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். உனக்குக் கைத்தட்டல் வேண்டும் என்பதற்காக அவள் அடிமடியில் கை வைக்காதே.

இங்கே அந்த நாள் வேறு மாதிரி. என் வார்டில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அசம்ப்டா என்று ஒருத்தி, அயர்லாந்தில் மேயோ பக்கத்துக்காரி. ஒவ்வொரு மார்ச்சிலும் அவள் அம்மா அவர்கள் திருநாளுக்குச் சட்டையில் குத்துகிற மூவிலைச் செடியை ஈரப் பாசியில் பொதிந்து அனுப்புவாள். அதில் ஒரு கொத்தை எனக்கும் குத்திவிட்டு, "ஸ்வீனின்னு பேர் வச்சிருக்க, நீ எங்க ஆளுடி. செம்பட்டை முடிய எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்பாள். நானும் சிரித்துவைப்பேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இதுவரை சொன்னதில்லை.

அம்மாவைக் காலில் எண்ணெய் தடவச் சொல்.

யூனிஸ்


கின்சேல்
6 பிப்ரவரி 1985

அக்கா,

படுக்கையை நனைத்ததை இழுத்திருக்க வேண்டாம்.

ஸ்வீனி என்கிறாய். அது நம் குடும்பப் பெயர் ஆவதற்கு முன் நம்மைச் சாட்டையால் அடித்தவன் பெயர். அதைச் சான்றிதழில் எழுதுகிறோம், கல்லறையில் வெட்டுகிறோம். நம் தீவின் கொடியில் யாழ் வைத்த வெள்ளைக்காரி நிற்கிறாள். தீவில் இறங்குகிறவனின் பாஸ்போர்ட்டில் மூவிலை முத்திரை குத்துகிறோம். அவர்கள் பெயர், அவர்கள் செடி, அவர்கள் புனிதர் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயருக்கு மட்டும் வாய்ப்பூட்டா?

போன வியாழன் ஒத்திகையில் நடந்ததைக் கேள். ஒரு பெண்ணை எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தேன். அவள் வந்து நின்று முதல் வரியைச் சொல்லி முடிக்கவில்லை, வேடிக்கை பார்த்தவர்களில் எவனோ ஆரஞ்சுத் தோலை எறிந்தான். அடுத்து நாலைந்து பேர். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டே ஓடிவிட்டாள். இப்போது நானே ஒரு படுக்கை விரிப்பின் பின்னால் நின்று அந்த வரிகளை வாசிக்கிறேன். பெயர் இல்லாதவரை அவள் பேய். பெயர் வைத்தால்தான் பெண். அவளும் யாரோ பெற்ற பிள்ளைதான் என்று தோன்றும்.

உனக்கென்ன பயம்? நீ லண்டனில் இருக்கிறாய். இங்கே எறிகிற தோல் அங்கே வந்து விழாது.

டன்ஸ்டன்


ஹாக்னி
17 பிப்ரவரி 1985

டன்ஸ்டன்,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய்.

முதலில் அசம்ப்டா சொன்னது. தேநீர் இடைவேளையில் அவளிடம் நம் தீவின் மார்ச் பதினேழைச் சொல்லிவிட்டேன். யாருக்கு எதிராக எழுந்தோம் என்பதையும் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்க ஸ்கூல்ல நாங்கதான் எப்பவும் அடி வாங்கினவங்கன்னு சொல்லிக்குடுத்தாங்க. அடிச்சோம்னு யாரும் சொல்லலியே" என்றாள். பிறகு தையல்காரியைப் பற்றிக் கேட்டாள். பெயரைச் சொல்லவில்லை. ஒருத்தி காட்டிக்கொடுத்தாள் என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு அவள் சொன்னது இது. அவள் ஊரில் ஒரு வீடு. 1920இல், அவர்கள் விடுதலைக்குப் போராடிய நேரத்தில், அந்த வீட்டுக்காரன் பிரிட்டிஷ் பட்டாளத்திடம் எதையோ சொல்லிவிட்டானாம். "அவன் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவன் பேரப் பிள்ளைங்க இன்னும் பூசையில கடைசி பெஞ்சுலதான் உக்காருவாங்க. யாரும் உக்காரச் சொல்லல, அவங்களே போய் உக்காருவாங்க. அந்த வீட்டுல பொண்ணு குடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். எங்க பாஷைல காட்டிக்குடுத்தவன்ங்கிறதவிடக் கேவலமான வார்த்தை கிடையாது, யூனிஸ்." இதைச் சொல்லும்போது அவள் குரலில் இரக்கமே இல்லை. நல்லவள்தான். சாகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அவளே இப்படி.

இனி என் கதை. உனக்கு அப்போது பதின்மூன்று வயது, யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹோரஸ் மீட் வெறும் மேளக்காரன் இல்லை. 1968இல் எனக்கு மோதிரம் போட்டவன். பெரியவர்களுக்குள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, ஊருக்கு இன்னும் சொல்லவில்லை. அவனிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று ஒருநாள் கடற்கரையில் வைத்து பெனெபாவைப் பற்றிச் சொன்னேன். ஆமாம், வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்த நானேதான். அவன் சிரித்தான். "அதுக்கு இப்ப என்ன?" என்றான். பதினோராவது நாள் அவன் தங்கை வந்து, மோதிரத்தைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். ஒரு காரணம் சொல்லவில்லை. அவனும் வரவில்லை. எனக்குக் காரணம் தேவைப்படவும் இல்லை.

அதனால்தான் லண்டன். படிப்புக்காகவும் இல்லை, குளிருக்கு ஆசைப்பட்டும் இல்லை. ஒரு பெயரைச் சொன்னேன், பதினேழு வருஷமாக இங்கே இருக்கிறேன். அங்கே எறிகிற தோல் இங்கே வந்து விழாதா, தம்பி?

இனி உன் இஷ்டம்.

யூனிஸ்


கின்சேல்
2 மார்ச் 1985

அக்கா,

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மன்னித்துவிடு. பெயரை எடுத்துவிட்டேன். நாடகத்தில் அவள் வெறும் தையல்காரி. விரிப்பின் பின்னால் இருந்து நானே நாலு வரி வாசிப்பேன், முடிந்தது. ஹோரஸை இப்போதெல்லாம் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. "என்ன வாத்தியாரே, பல்வலியா?" என்று கேட்கிறார்.

ஆனால் நீ செய்த வேலையும் ஒன்று இருக்கிறது. எனக்கு எழுதியது போதாதென்று அம்மாவுக்கும் எழுதியிருக்கிறாய்! என்னைத் தடுக்கச் சொல்லி! நீ வாங்கிக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ எழுதியதை அவள் எழுத்து விடாமல் படித்திருக்கிறாள்.

நேற்று பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். அவள் அங்கே காலை வைத்து வருஷக் கணக்காகிறது. வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது, வாசலில் கடிதத்தோடு நிற்கிறாள்.

"நீ பேர் வைக்கப் போறியா?"

"இல்லம்மா, எடுத்துட்டேன். சத்தியமா."

"அவ மேடையில என்ன சொல்றா?"

நாடகத்தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். "'ஐயா, உங்கள் உயிருக்கு ஆபத்து. இன்று விருந்தில் எழப் போகிறார்கள்' அப்படின்னு சொல்றா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டில் மாவு பிசைகிறாள், என் தட்டில் ரொட்டி வைக்கிறாள், என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

டன்ஸ்டன்


ஹாக்னி
17 மார்ச் 1985, மதியம்

டன்ஸ்டன்,

வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே இப்போது காலை. இன்னும் சில மணி நேரத்தில் உன் நாடகம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு எழுதியது தப்புத்தான். பதறிப் போய் எழுதினேன். ஹோரஸைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, அது அவளுக்குத் தெரியவே கூடாது. நான் வாய் திறந்தேன் என்று தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

அசம்ப்டா இன்று மூவிலைக் கொத்தை மேல்கோட்டின் உள்பக்கம் குத்திக்கொண்டு வந்தாள். ஐரிஷ் தீவிரவாதிகள் இங்கே வைத்த குண்டுகளுக்குப் பிறகு ஐரிஷ் பேச்சு காதில் விழுந்தாலே பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகிவிடுகிறதாம். தேவாலயத்தில் நுழைந்த பிறகுதான் வெளியே எடுத்துக் குத்துவாள். எனக்கு ஒரு கொத்து நீட்டினாள், பிறகு தயங்கிக் கையை இழுத்துக்கொண்டாள். "உனக்குக் குடுக்கலாமான்னு தெரியலடி" என்றாள். நானும் கொடு என்று சொல்லவில்லை.

நடந்ததை உடனே எழுது. எதையும் மறைக்காதே.

யூனிஸ்


கின்சேல்
20 மார்ச் 1985

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

பந்து மைதானத்தில் பலகை போட்டு மேடை. ஊர் முழுக்க வந்துவிட்டது, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு மூலையில் ஆட்டுக்கறிச் சாறு பெரிய பெரிய தகரங்களில் கொதிக்கிறது. உயரத் தொப்பியும் முகமூடியுமாக ஆட்டக்காரர்கள் சாட்டையைச் சொடுக்கி ஆடி முடித்தார்கள். நாடகம் தொடங்கியது. காகிதத் தொப்பி வைத்த துரைமார் போதையில் ஒருவர்மேல் ஒருவர் விழ, ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்தது தையல்காரி. நான் விரிப்பின் பின்னால் போய்த் தாளைப் பிரித்தேன். கூட்டத்தில் அதற்குள் ஆரஞ்சு உரிக்கிற வாசம்.

அம்மா முதல் வரிசையில் இருந்து எழுந்தாள். தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பி. யாரோ கை கொடுக்க வந்தார்கள், தட்டிவிட்டு மேடையில் ஏறினாள்.

"அந்தத் துணிய விலக்குடா."

விலக்கினேன். வேறென்ன செய்வேன்?

"இவளுக்குப் பேர் இருக்கு. பெனெபா. எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள். பூசையில் வேதப்புத்தகத்திலிருந்து சங்கீதம் வாசிப்பாளே, அந்தக் குரல். கடைசி வரிசை வரை கேட்டது. "ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பேர் பேசினது அவ காதுல விழுந்துச்சு. பெரிய வீட்டுக்குத் தீ வைக்கப் போறோம்னாங்க. அந்த வீட்டு அடுப்படிப் பரண்லதான் அவ பிள்ளைங்க ரெண்டும் கிடக்கும். துரைமார் சாப்பிடுறப்ப ஈ ஓட்டுற வேலை அதுங்களுக்கு. இவ சமையக்காரிகிட்டப் போயி, 'அன்னிக்கு மட்டும் எம் பிள்ளைங்கள வெளிய அனுப்பிடு'ன்னா. பெனெபா சொன்னது அவ்ளோதான். ஏன்னு கேட்டாங்க. அப்புறம் எஜமான் கூப்பிட்டுக் கேட்டான். அவனுங்க எப்படிக் கேப்பானுங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அம்மா மேடை விளிம்புக்கு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தூக்குல தொங்கின ஒம்பது பேர்ல ஒருத்தன் அந்தப் பிள்ளைங்களோட அப்பன். நாங்க அவனுக்கும் பொறந்தவங்க, அவளுக்கும் பொறந்தவங்க. எறியணும்னா எறிங்க. நான் நிக்கிறேன்."

இந்தப் பாதியை அவள் நமக்குச் சொன்னதே இல்லையே, அக்கா! தொங்கியவன் ஒருவனும் நம் ஆள் என்று அன்று சொல்லியிருந்தால் என்ன?

பின்னால் இருந்து ஒரு கிழவர் "துரோகிக் கூட்டம்!" என்று கத்தினார். ஒருத்தி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். அப்போது ஹோரஸ் மேளத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மேடைக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்து, அடிக்கப் போகிறார் என்றே நினைத்து நான் நடுவில் போய் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

"இதை யூனிஸ் எங்கிட்ட அப்பவே சொல்லிட்டா, மிஸ் அடினா. இன்னிக்கு வரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல. எங்கம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு இன்னும் புரியல. மோதிரத்தத் திரும்ப வாங்கலன்னா தொங்கிச் சாவேன்னாங்க. எனக்கு அப்ப தைரியம் இல்ல."

ஒரு தோல்கூட வந்து விழவில்லை. ஆனால் யாரும் கட்டிப்பிடித்து அழவும் இல்லை. சாறு ஊற்றியபோது சிலர் கிண்ணத்தோடு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள், சிலர் வேண்டுமென்றே எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திங்களன்று ரொட்டிக்கு வழக்கமாக வருகிறவர்களில் மூன்று பேர் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். "யூனிஸ் அவங்கிட்டச் சொல்லியிருந்தாளா?" என்று மூன்று முறை கேட்டாள். உன் கடிதத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். எதையும் மறைக்காதே என்று நீதானே சொல்வாய். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எழுது. நான் சொல்றத அப்படியே எழுது. அழகுபடுத்தாத" என்றாள். எழுதுகிறேன்.

"யூனிஸ், உன் கல்யாணத்தக் கெடுத்தது நான்தான். கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கிறப்ப ஹோரஸ் அம்மா வீட்டுக்குப் போனேன். அவங்க தூக்குல தொங்கினவங்க வம்சம்னு ஊரெல்லாம் பெருமை பேசுற குடும்பம். கட்டிக்குடுத்த அப்புறம் தெரிஞ்சா உன்னையும் நீ பெத்ததையும் வச்சு வதைப்பாங்கன்னு பயந்தேன். முன்னாலயே சொல்லிட்டா நீ தப்பிச்சிடுவன்னு நினைச்சேன். அந்தம்மா எந்திரிச்சுக் கதவத் திறந்து விட்டாங்க. மோதிரம் போனப்ப நீ அழுத. நான் உன் தலையத் தடவிவிட்டேன், வாயத் திறக்கல. லண்டன் போறேன்ன, உன் பெட்டிய நான்தான் கட்டினேன். நீயும் அவங்கிட்டச் சொல்லியிருப்பன்னோ, உன்னாலதான் போச்சுன்னு நினைச்சிட்டு இருப்பன்னோ எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனான்னும் தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். கையெழுத்து அவளே போட்டிருக்கிறாள், பார்.

டன்ஸ்டன்


ஹாக்னி
30 மார்ச் 1985

டன்ஸ்டன்,

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. நீயும் அழகுபடுத்தாதே.

கடிதத்தை மருத்துவமனைப் படிக்கட்டில் நின்றபடி படித்தேன். நீ உட்காரச் சொன்னது கண்ணில் படவில்லை. அசம்ப்டா வந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், பெனெபாவின் பெயரையும். அன்று மாலையே அவள் தொலைபேசியில் தன் அம்மாவைக் கூப்பிட்டு, "அந்த வீட்டுக்காரன் என்ன சொன்னான், ஏன் சொன்னான்னு யாராவது கேட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் அம்மா பட்டென்று வைத்துவிட்டாளாம்.

அம்மா, எனக்குக் கோபம் வருகிறது. இந்த இரண்டு நாளில் அது குறையும் என்று பார்த்தேன், ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நீ மேடையில் ஏறியதை நினைத்தால் மார் விம்முகிறது, அடுத்த நிமிஷம் நீ என் பெட்டியைக் கட்டியதை நினைத்தால் எதையாவது போட்டு உடைக்கத் தோன்றுகிறது. நான் வாயைத் திறந்ததால்தான் என் வாழ்க்கை போயிற்று என்று நம்பினேன். அதற்கப்புறம் எந்த மனிதனிடமும் என்னைப் பற்றி ஒரு உண்மை சொன்னதில்லை. இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும்.

இதைக் கடிதத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்ள முடியாது. ஏப்ரல் பதினான்கு முதல் மூன்று வாரம் விடுப்புக் கேட்டேன், கிடைத்துவிட்டது. பதினைந்தாம் தேதி விமானத்தில் வந்து இறங்குவேன். டன்ஸ்டன் வர வேண்டாம், நடுவில் நின்று சமாதானம் பேசுவான். நீ மட்டும் வா.

பதினேழு வருஷம் என்மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உன் முகத்துக்கு நேரே நின்று கோபப்பட வேண்டும். நீ திருப்பித் திட்டு, அழு, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் அன்றைக்குப் போல என் தலையைத் தடவிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதே.

யூனிஸ்